ஃபோர்ட் ஸ்டீவன்ஸ் கடற்கரைப் பூங்காவில் ஆர்.வி. முகாம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், கொலம்பியா ஆறு பசிபிக் கடலில் சேரும் முனையில் இருக்கிறது ஃபோர்ட் ஸ்டீவன்ஸ் மாநிலப் பூங்கா. போர்ட்லண்ட், ஹில்ஸ்பரோ, சியாட்டில் பக்கம் வசிக்கும் தமிழ்க் குடும்பங்கள் முதன்முறையாக ஆர்.வி. (படுக்கை, சமையலறை, கழிப்பறை எல்லாம் உள்ள வீட்டு வண்டி) எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போவதென்றால் நாங்கள் முதலில் சொல்வது இந்த இடத்தைத்தான். கார் பயணத்தில் யோசிக்கவே தேவையில்லாத நான்கு விஷயங்கள் இங்கே முக்கியம்: வண்டியின் நீளம், நல்ல தண்ணீர்த் தொட்டி, கழிவுத் தொட்டி, மின் இணைப்பு. கீழே உள்ள பதில்களில் பெரும்பகுதி இந்த நான்கைச் சுற்றித்தான் போகிறது.

இத்தனை கடற்கரைப் பூங்காக்கள் இருக்க, ஏன் ஃபோர்ட் ஸ்டீவன்ஸ்?

இடம் பெரியது, சுமார் 4,300 ஏக்கர். மின்சாரம், தண்ணீர், கழிவுநீர்க் குழாய் மூன்றையும் வண்டியில் இணைக்கக்கூடிய முழு ஹூக்கப் இடங்கள் 170-க்கு மேல் உண்டு. மின்சாரமும் தண்ணீரும் மட்டும் உள்ளவை 300 அளவில். தரை தட்டையானது, தார் போட்டது. அதனால் வண்டியைச் சமன் செய்வது சுலபம். புதிதாக ஓட்டுபவருக்கு இதுவே பாதி நிம்மதி.

மழையால் கடற்கரை கைவிட்டாலும் பார்க்க வேறு இருக்கிறது. உள்நாட்டுப் போர்க் காலத்தில் தொடங்கி இரண்டாம் உலகப் போர் வரை இது ராணுவக் கோட்டை. 1942 ஜூன் 21 இரவு ஜப்பானிய ஐ-25 நீர்மூழ்கி இந்தக் கோட்டையை நோக்கிச் சுட்டது. பீரங்கி மேடைகளும் கான்கிரீட் அறைகளும் இன்றும் அப்படியே நிற்கின்றன. 1906 அக்டோபர் 25 அன்று கரைதட்டிய 'பீட்டர் ஐர்டேல்' கப்பலின் துருப்பிடித்த எலும்புக்கூடு மணலில் இருக்கிறது. உள்ளே காஃபென்பரி ஏரி, சைக்கிள் ஓட்டத் தனிப் பாதைகள் எல்லாம் உண்டு.

எந்த மாதம் போவது நல்லது?

ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர். அப்போதுதான் மழை குறைவு. ஆனால் 'கோடைக்காலக் கடற்கரை' என்றதும் மெரினா வெயிலை நினைத்துக்கொள்ள வேண்டாம். பகலில் 20 டிகிரி செல்சியஸ், இரவில் 11, 12 என்பதுதான் வழக்கம். காலையில் மூடுபனி, மதியத்துக்கு மேல் வடமேற்குக் காற்று. ஸ்வெட்டரும் காற்றுத் தடுக்கும் மேலங்கியும் ஆகஸ்டிலும் வேண்டும்.

எங்களைக் கேட்டால் செப்டம்பர் முதல் பாதி. பள்ளி திறந்துவிடுவதால் வாரநாட்களில் கூட்டம் குறையும், காற்றும் சற்று அடங்கும். நவம்பர் முதல் ஜனவரி வரை அடைமழையும் புயற்காற்றும்தான். பூங்கா ஆண்டு முழுவதும் திறந்திருந்தாலும், முதல் பயணத்துக்கு அந்த மாதங்கள் வேண்டாம்.

இடம் பதிவு செய்வது எப்போது, எப்படி?

ஒரிகன் மாநிலப் பூங்காக்களின் அதிகாரபூர்வ இணையதளத்தில் ஆறு மாதம் முன்பிருந்து பதிவு செய்யலாம். ஜூலை 18 வேண்டுமென்றால் ஜனவரி 18 அன்று காலையிலேயே உட்கார வேண்டும். கணக்கைத் திறந்து, வண்டியின் நீளம், கார்டு விவரம் எல்லாவற்றையும் முந்தைய நாளே பதிந்து வைத்துவிடுங்கள். பிடித்த இடம் ஒன்றை மட்டும் நம்பாமல், நான்கைந்து இட எண்களைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு முதல் வியாழன் வரை என்றால் இவ்வளவு போராட்டம் இல்லை. தவறவிட்டவர்கள் பயணத்துக்கு முந்தைய இரண்டு வாரம் தினமும் ஒருமுறை தளத்தைப் பார்க்கலாம். ரத்தாகும் இடங்கள் அப்போது திரும்ப வரும்.

பதிவுக் கட்டணம் திரும்பக் கிடைக்காது. கடைசி நாட்களில் ரத்து செய்தால் ஓர் இரவு வாடகையும் போகும். ஒரிகனில் வசிக்காதவர்களுக்கு ஆர்.வி. இடங்களுக்கு 25 சதவீதம் கூடுதல் கட்டணம் 2022 முதல் உண்டு. சியாட்டிலிலிருந்து வருபவர்கள் இதைச் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

பதிவுப் பக்கத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

மூன்று விஷயம். முதலாவது, இடத்தின் நீளம். 28 அடி வண்டிக்கு 28 அடி இடம் போதாது. பின்னால் மரமோ மேசையோ இருக்கும், முன்னால் மூக்கு சாலையில் நீட்டிக்கொண்டு நிற்கும். குறைந்தது 5 அடி கூடுதலாகப் பாருங்கள். கூடவே கார் வருகிறதென்றால் அதற்கும் 18 அடி.

இரண்டாவது, நேராக நுழைந்து நேராக வெளியேறும் இடமா, பின்னோக்கி விட வேண்டிய இடமா என்பது. முன்னது கிடைத்தால் விடாதீர்கள்.

மூன்றாவது, மின் இணைப்பு 30 ஆம்பா 50 ஆம்பா என்பது. வாடகை வண்டிகள் பெரும்பாலும் 30. இடத்தில் 50 மட்டும் இருந்தால் மாற்று இணைப்பான் ஒன்று வேண்டும். வாடகைக்கு விடுபவரிடம் முன்பே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

முழு ஹூக்கப்பா, மின்சாரமும் தண்ணீருமா என்று தயங்குபவர்களுக்கு: நான்கு பேர், இரண்டு இரவுக்கு மேல் என்றால் முழு ஹூக்கப். இரண்டு பேர் என்றால் அது இல்லாமலும் சமாளித்துவிடலாம்.

எந்த வண்டி எடுப்பது? தனி லைசென்ஸ் வேண்டுமா?

ஓட்டுநர் இருக்கைக்கு மேல் படுக்கை நீட்டிக்கொண்டிருக்கும் 25 முதல் 28 அடி கிளாஸ் சி மோட்டார்ஹோம் ஒரு குடும்பத்துக்குச் சரியாக இருக்கும். சாதாரண கார் லைசென்ஸ் போதும்.

வாடகைத் தொகையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மைலுக்கு இவ்வளவு, ஜெனரேட்டர் ஓடும் மணிக்கு இவ்வளவு, பாத்திரம் படுக்கை விரிப்புக்கு இவ்வளவு, டேங்கைக் காலி செய்யாமல் விட்டால் இவ்வளவு என்று தனித்தனியே ஏறும். எழுத்தில் வாங்குங்கள். உங்கள் கார் இன்ஷூரன்ஸ் மோட்டார்ஹோமுக்குச் செல்லுமா என்று ஏஜெண்டிடம் கேட்டுவிடுங்கள். கிரெடிட் கார்டுகள் தரும் வாடகை வாகனக் காப்பீடு பொதுவாக மோட்டார்ஹோமைச் சேர்ப்பதில்லை.

வண்டியைக் கையில் வாங்கும்போது கூரை ஓரம், பின் பம்பர், ஸ்லைடின் (நிறுத்திய பிறகு உள்ளிடத்தை அகலமாக்க வெளியே நீளும் பக்கப் பகுதி) விளிம்பு, கண்ணாடி, டயர் ஆகியவற்றை வீடியோ எடுத்து வையுங்கள். டயரின் பக்கச் சுவரில் டிஓடி குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் ஆண்டும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஏழெட்டு வருடம் ஆன டயர் என்றால் பட்டன் தேயாமல் இருந்தாலும் வேறு வண்டி கேளுங்கள். ரப்பர் உள்ளே காய்ந்திருக்கும், வெயிலில் நெடுஞ்சாலையில் வெடிக்கும்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஒத்துவருமா?

வரும், படுக்கையைச் சரியாகப் பங்கிட்டால். மேல் படுக்கைக்கு ஏணி ஏற வேண்டும், அது குழந்தைகளுக்கு. பின்னால் இருக்கும் நிலையான கட்டிலைப் பெரியவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள். கழிப்பறையும் அதன் பக்கத்திலேயே இருக்கும். வாசல் படி உயரம் அதிகம், அகலம் குறைவு. ஒரு மடக்கு முக்காலிப் படி எடுத்துப்போய் கீழே போடுங்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்குப் பெரிய உதவி.

பயணத்தின்போது எல்லோரும் பெல்ட் போட்டு உட்கார வேண்டும். ஓடும் வண்டியில் எழுந்து காபி கலக்கப் போவது கூடவே கூடாது. குழந்தை இருக்கையை முன்பக்கம் பார்த்த, பெல்ட் உள்ள இடத்தில்தான் பொருத்த வேண்டும். பக்கவாட்டு சோபாவில் பொருத்தக் கூடாது. அப்படிப்பட்ட இருக்கை எத்தனை இருக்கிறது என்பதைப் பதிவு செய்யும் முன்பே கேளுங்கள். ஆறு பேர் படுக்கலாம் என்றால் ஆறு பேர் பாதுகாப்பாக உட்காரலாம் என்று பொருளாகாது.

எந்த வழியாகப் போவது?

போர்ட்லண்டிலிருந்து இரண்டு வழி. இரண்டும் 100 மைல் அளவில். யு.எஸ். 30 கொலம்பியா ஆற்றோடு ஒட்டி ரெய்னியர், கிளாட்ஸ்கனி வழியாக அஸ்டோரியா போகிறது. யு.எஸ். 26 மலையேறி இறங்கி, சீசைடுக்குத் தெற்கே 101-ஐப் பிடிக்கிறது. புதியவர்களுக்கு 30-ஐச் சொல்வோம். அஸ்டோரியாவுக்கு முன்னால் ஓர் ஏற்ற இறக்கம் உண்டு. இறங்கும்போது 'டோ-ஹால்' பொத்தானை அழுத்திவிட்டால் என்ஜினே வேகத்தைப் பிடிக்கும், பிரேக் சூடேறாது.

சியாட்டில்காரர்கள் ஐ-5 வழியாக லாங்வியூ வந்து, பாலத்தில் ஆற்றைக் கடந்து ரெய்னியரில் 30-ஐப் பிடிக்கலாம்.

கிளாஸ் சி வண்டி கேலனுக்கு 8 முதல் 10 மைல்தான் தரும். போய்வர, சுற்ற 300 மைல் என்றால் 30 முதல் 38 கேலன். சாமான் வாங்க போர்ட்லண்டிலேயே நிற்க வேண்டியதில்லை. பூங்காவுக்கு அருகே வாரன்டனில் பெரிய கடைகள் உண்டு, நிறுத்த இடமும் தாராளம். ஒரிகனில் விற்பனை வரியும் கிடையாது.

இவ்வளவு பெரிய வண்டியை ஓட்டுவதில் எங்கே தவறு நடக்கிறது?

நெடுஞ்சாலையில் நடப்பதில்லை, பெட்ரோல் பங்கிலும் வாகன நிறுத்தத்திலும்தான். பின் சக்கரத்துக்குப் பின்னால் எட்டு அடி உடல் தொங்குகிறது. ஸ்டீயரிங்கை இடப்பக்கம் திருப்பினால் வண்டியின் வால் வலப்பக்கம் ஓரிரு அடி வெளியே வீசும். பங்கில் எண்ணெய் போட்டுவிட்டு உடனே ஒடித்துத் திருப்புபவர்கள் கம்பத்தில் உரசுவது இப்படித்தான். நேராக அரை வண்டி நீளம் முன்னே வந்த பிறகு திருப்புங்கள்.

உயரம் 11 முதல் 12 அடி இருக்கும். உணவகங்களின் டிரைவ்-த்ரூ கூரை 9 அடி அளவில்தான். சரியான உயரத்தைத் தாளில் எழுதி டாஷ்போர்டில் ஒட்டிவிடுங்கள். வேகம் 55, 60 மைல் போதும். பாலத்தில் பக்கக் காற்று தள்ளும்போது இரு கையும் ஸ்டீயரிங்கில் இருக்கட்டும். பின்னால் கார்கள் சேர்ந்துவிட்டால் ஒதுங்கும் இடத்தில் ஒதுங்கி வழிவிடுங்கள்.

இடத்துக்கு வந்து சேர்ந்ததும் எந்த வரிசையில் வேலை செய்ய வேண்டும்?

உள்ளே வர அனுமதி மாலை 4 மணிக்கு. வெளிச்சத்தில் வந்து சேருங்கள்.

வண்டியை உள்ளே விடும் முன் ஒருவர் இறங்கி மேலே கிளையையும், கீழே மேசை, நெருப்பு வளையம், மின் கம்பத்தையும் பார்க்க வேண்டும். பின்னோக்கி விடும்போது வழி சொல்பவர் ஓட்டுநரின் கண்ணாடியில் தெரியும்படி நிற்க வேண்டும். அவர் கண்ணில் படவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள்.

அடுத்தது சமன். சமையல் மேடையில் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்தாலே எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துவிடும். தாழ்ந்த பக்கச் சக்கரத்தின் கீழ் பிளாஸ்டிக் லெவலிங் பிளாக் போட்டு அதன்மேல் ஏற்றுங்கள். சமன் ஏன் முக்கியம் என்றால், புரொப்பேன் எரிவாயுவில் ஓடும் ஆர்.வி. ஃப்ரிட்ஜ் சாய்ந்து நின்றால் உள்ளிருக்கும் திரவம் ஓடாமல் தேங்கி, குளிர்ச்சி நின்று, நாளடைவில் பழுதாகும். பிறகு ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்கு முட்டுக்கட்டை.

மூன்றாவது மின்சாரம். கம்பத்தில் உள்ள பிரேக்கரை அணைத்து, சர்ஜ் புரொடெக்டரை (மின்னழுத்தக் கோளாறிலிருந்து வண்டியைக் காக்கும் கருவி) செருகி, பிரேக்கரைப் போட்டு அதன் விளக்கு 'சரி' என்று காட்டுகிறதா என்று பாருங்கள். மறுபடி அணைத்துவிட்டு வண்டியின் கம்பியை அதில் செருகி, மீண்டும் போடுங்கள். கடற்கரைப் பூங்காக்களில் உப்புக் காற்றில் கம்பத்துச் சொருகுகள் கருத்துப் போயிருப்பது சகஜம். சொருகு தளர்வாக இருந்தாலோ தொட்டால் சூடாக இருந்தாலோ பூங்கா ஊழியரிடம் சொல்லி இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

நான்காவது தண்ணீர். குழாயைச் சில விநாடி திறந்துவிட்டு மூடுங்கள். முதலில் குழாயில் தண்ணீரின் அழுத்தத்தைக் குறைக்கும் 40 முதல் 50 பி.எஸ்.ஐ. பிரஷர் ரெகுலேட்டர், பிறகு குடிநீருக்கான வெள்ளை ஹோஸ், மறுமுனை வண்டியின் 'சிட்டி வாட்டர்' வாயில். ரெகுலேட்டர் இல்லாமல் விட்டால் வண்டிக்குள் இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் இணைப்புகள் விட்டுக்கொடுக்கும். தண்ணீர் தரைக்கடியில் ஒழுகுவது மறுநாள்தான் தெரியும். இந்த இணைப்பில் இருக்கும்போது பம்ப் தேவையில்லை, அணைத்து வையுங்கள். சூடு தண்ணீர்க் குழாயில் காற்று இல்லாமல் ஒரே சீராகத் தண்ணீர் வந்த பிறகே ஹீட்டரைப் போடுங்கள். தொட்டி காலியாக இருக்கும்போது மின் ஹீட்டரைப் போட்டால் அதன் கம்பிச்சுருள் ஒரு நிமிடத்தில் எரிந்துவிடும்.

கடைசியாகக் கழிவு ஹோஸ், ஸ்லைட், ஆனிங் (வெளியே விரிக்கும் துணிக்கூரை).

30 ஆம்பில் எதையெல்லாம் சேர்த்து ஓட்டலாம்?

30 ஆம்ப் × 120 வோல்ட் = 3,600 வாட். வீட்டில் ஒரு சமையலறைக்கே இதைவிட அதிகம் வரும். ஏ.சி. 13 ஆம்ப், மைக்ரோவேவ் 12, கெட்டில் 12, ஸ்பேஸ் ஹீட்டர் 12.5, இண்டக்‌ஷன் அடுப்பு முழு வேகத்தில் 15, மின் வாட்டர் ஹீட்டர் 12, மின்சார ரைஸ் குக்கர் 6 முதல் 9. பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கன்வெர்ட்டர் தன் பங்குக்கு ஐந்தாறு எடுக்கும். ஆகவே ஒரே நேரத்தில் பெரிய சாதனம் ஒன்று, சிறியது ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். காபிக்குக் கெட்டில் போடும்போது வாட்டர் ஹீட்டரைப் புரொப்பேனுக்கு மாற்றிவிட்டால் பிரச்சினையே இல்லை. மிக்ஸி தாராளமாக ஓடும். இரவு 10 முதல் காலை 7 வரை அமைதி நேரம் என்பதால் சட்னியை அந்த நேரத்துக்கு முன்பே அரைத்துவிடுங்கள்.

டேங்குகள் எத்தனை நாள் தாங்கும்?

பலர் தடுமாறுவது இங்கேதான். அதிலும் கழிப்பறையில் தண்ணீர் பயன்படுத்தும் நம் குடும்பங்களுக்குக் கணக்கு வேறு.

வண்டியில் மூன்று தொட்டி: நல்ல தண்ணீர், குளியல் மற்றும் பாத்திரத் தண்ணீர் சேரும் கிரே டேங்க், கழிப்பறைக் கழிவு சேரும் பிளாக் டேங்க். பிளாக் டேங்க் 30 கேலன் என்றால் சுமார் 113 லிட்டர். நான்கு பேர், நாளுக்கு ஐந்து முறை, ஒவ்வொரு முறையும் ஃப்ளஷும் கழுவும் தண்ணீருமாக இரண்டரை லிட்டர் என்றால் நாளுக்கு 50 லிட்டர். இரண்டே நாளில் நிறைந்துவிடும். காகிதம் மட்டும் பயன்படுத்துபவர்களுக்கு எழுதப்பட்ட 'நாலைந்து நாள் வரும்' என்ற குறிப்பை நம்ப வேண்டாம். அதற்காகத் தண்ணீரைக் கைவிட வேண்டியதும் இல்லை. தண்ணீர் அதிகம் போவது பிளாக் டேங்குக்கு நல்லதுதான், கழிவு அடியில் இறுகாது. பகலில் பூங்காவின் கழிப்பறைகளைப் பயன்படுத்துங்கள்; வண்டியினுடையது இரவுக்கும் பெரியவர்களுக்கும்.

கிரே டேங்கை நிரப்புவது ஷவர். மூன்று நிமிடக் குளியலுக்கே 5, 6 கேலன். பூங்காவில் சூடு தண்ணீர் ஷவர் இருக்கிறது. சோப்பு, துண்டுடன் அங்கே போய்விடலாம். உள்ளே குளிப்பவர்கள் நனைந்ததும் மூடி, சோப்பு போட்டு, மறுபடி திறந்தால் பாதி மிச்சம்.

பிளாக் டேங்கின் அளவுகாட்டி பல வண்டிகளில் பொய் சொல்லும். சென்சாரில் காகிதம் ஒட்டிக்கொண்டால் காலித் தொட்டியையும் 'நிறைவு' என்று காட்டும். நாள் கணக்கை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

கழிவுத் தொட்டியைக் காலி செய்வது எப்படி?

கையுறை போடுங்கள். வெளி மூடியைக் கழற்றும் முன் இரண்டு வால்வும் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். ஹோஸை முதலில் வண்டியில் திருகி, காதுகள் இரண்டும் கொக்கியில் பிடித்துவிட்டதா என்று இழுத்துப் பாருங்கள். மறுமுனையைத் தரைக்குழியில் அழுத்தி, நழுவாமல் ஒரு கல்லை வையுங்கள். முதலில் பிளாக் வால்வு. ஓசை அடங்கி ஓட்டம் நிற்கும்வரை காத்திருந்து மூடுங்கள். அடுத்து கிரே, அதன் சோப்புத் தண்ணீர் ஹோஸைக் கழுவிவிடும். முடிந்ததும் கழிப்பறை வழியாக இரண்டு மூன்று கேலன் தண்ணீரும் டேங்க் மருந்தும் ஊற்றுங்கள்.

முழு ஹூக்கப் இடத்திலும் பிளாக் வால்வைத் திறந்தே வைக்கக் கூடாது. தண்ணீர் மட்டும் வடிந்துபோய், கெட்டியானது அடியில் குவிந்து கல்லாகிவிடும். பிறகு அதைக் கரைப்பதற்குள் போதும் போதும் என்றாகும். மூன்றில் இரண்டு பங்கு நிறைந்த பிறகு ஒரே மூச்சில் திறந்தால்தான் எல்லாம் அடித்துக்கொண்டு போகும். குடிநீர் ஹோஸைக் கழிவு வேலைக்குத் தொடவே கூடாது.

நம் சமையல் செய்யலாமா?

செய்யலாம். தாளிப்பை மட்டும் வெளியே வைத்துக்கொள்ளுங்கள். மிளகாய் வற்றலும் கடுகும் வெடித்தால் அந்தச் சின்ன இடத்தில் புகை எச்சரிக்கை மணி அலறும், எல்லோரும் இருமுவார்கள், வாடை மெத்தைத் துணியில் தங்கி வாடகை வண்டி என்றால் சுத்தம் செய்யும் கட்டணமும் வரும். மேசையில் ஒரு கையடக்க பியூட்டேன் அடுப்பும் காற்றுத் தடுப்பும் போதும். தடுப்பு இல்லாவிட்டால் இந்தக் கரைக் காற்றில் தீ நிற்காது.

குக்கரை உள் அடுப்பில் வைக்கும்போது மேலே மைக்ரோவேவுக்கும் விசிலுக்கும் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பாருங்கள். மூன்று லிட்டர் குக்கர் பெரும்பாலும் அடங்கும், ஐந்து லிட்டர் இடிக்கும். சாம்பார், ரசப் பாத்திரங்களைக் கழுவும் முன் காகிதத்தால் துடைத்துவிடுங்கள். சோற்றுப் பருக்கையும் கறிவேப்பிலையும் கிரே டேங்கில் ஊறி இரண்டாம் நாளே நாற்றமடிக்கும். பாத்திரம் கழுவும் சிங்கில் சல்லடை மூடி கட்டாயம். இரவில் உணவை வெளியே விடாதீர்கள், ரக்கூன்கள் மூடியைத் திறக்கத் தெரிந்தவை.

விறகைப் பூங்காவிலேயே வாங்குங்கள். வெளியூர் விறகில் மரப் பூச்சிகள் ஒட்டிக்கொண்டு வந்து இங்குள்ள காட்டைக் கெடுக்கும்.

இரவுக் குளிருக்கு என்ன செய்வது?

வண்டியில் ஃபர்னஸ் (புரொப்பேனில் ஓடும் சூடேற்றி) இருக்கிறது. 30,000 பி.டி.யு. ஃபர்னஸ் இடைவிடாமல் ஓடினால் ஒரு கேலன் புரொப்பேன் மூன்று மணி நேரம் வரும். கோடை இரவில் விட்டுவிட்டு ஓடுவதால் ஒரு கேலனே போதும். அதன் காற்றாடி பேட்டரியில் சுழல்கிறது. மின் இணைப்பு இல்லாத இடத்தில் விடியும் முன் பேட்டரி தீர்ந்துபோவதற்கு இதுதான் காரணம். சமையல் அடுப்பை ஹீட்டராக வைத்துத் தூங்குவது உயிருக்கு ஆபத்து. கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியின் சோதனைப் பொத்தானை முதல் நாளே அழுத்திப் பாருங்கள். குளிர்கிறதே என்று எல்லாவற்றையும் மூடிவிட்டால் மூச்சுக்காற்றின் ஈரம் சன்னலில் வடியும். கூரைத் திறப்பை ஓர் அங்குலம் திறந்து வையுங்கள்.

கடலில் இறங்கலாமா?

கால் நனைக்கலாம். நீச்சலுக்கு காஃபென்பரி ஏரிக்குப் போங்கள். கடல்நீர் கோடையிலும் 10 முதல் 14 டிகிரிதான். திடீரென்று விழுந்தவர்களுக்கு மூச்சு அடைத்துவிடும். இந்தக் கரையில் அலைகள் சொல்லாமல் வரும். பத்து நிமிடம் அமைதியாக இருந்துவிட்டு ஒன்று மட்டும் முப்பது அடி உள்ளே ஏறி வரும். கடலுக்கு முதுகு காட்டிப் படம் எடுக்கக் கூடாது. கரையில் கிடக்கும் பெரிய மரத்தடிகள்மேல் குழந்தைகள் ஏறவே கூடாது. ஓரடி தண்ணீர் போதும், டன் கணக்கில் எடையுள்ள மரத்தைத் தூக்கி உருட்டிவிடும்.

'பீட்டர் ஐர்டேல்' கப்பலைக் கிட்டத்தில் பார்க்க ஓத அட்டவணையில் வற்றும் நேரத்தைப் பார்த்துப் போங்கள். ஏற்றத்தில் அதைச் சுற்றித் தண்ணீர் நிற்கும்.

சுனாமி பயம் உண்டா?

கரைக்கு அப்பால் கடலடியில் காஸ்கேடியா பிளவு இருக்கிறது. 1700 ஜனவரி 26 அன்று அதில் சுமார் 9 அளவு நிலநடுக்கம் வந்தது. 2004-இல் தமிழகக் கரைக்கு அலை வர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆனது, பலருக்கு நில அதிர்வே தெரியவில்லை. இங்கே நிலைமை நேர்மாறு. பிளவு பக்கத்திலேயே இருப்பதால் அதிர்வு பலமாக, நிமிடக் கணக்கில் இருக்கும். 15 முதல் 30 நிமிடத்தில் அலை வந்துவிடலாம். நிலம் நீண்ட நேரம் ஆடினால் அதுவே எச்சரிக்கை. சைரனுக்குக் காத்திராமல், வண்டியைத் தொடாமல், நடந்தே மேட்டுக்குப் போக வேண்டும். பூங்கா தாழ்வான தட்டை நிலம் என்பதால் மேடு கூப்பிடு தூரத்தில் இல்லை. வந்த அன்றே அறிவிப்புப் பலகையில் உள்ள வெளியேறும் வரைபடத்தைப் பார்த்து, அந்தப் பாதையில் குடும்பத்தோடு ஒருமுறை நடந்துவிடுங்கள். கழற்றிய செருப்பு வாசலிலேயே இருக்கட்டும்.

ஆர்.வி.யைக் கடற்கரை மணலில் இறக்கலாமா?

வேண்டாம். இந்தக் கரையில் சில பகுதிகளில் கார்கள் போக அனுமதி உண்டு, அதைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். ஐந்து டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி மணலில் அச்சுவரை புதையும், ஓதம் ஏறிக்கொண்டிருக்கும். வாடகை ஒப்பந்தங்கள் தார்ச்சாலைக்கு வெளியே நடப்பதற்குப் பொறுப்பேற்பதில்லை.

மட்டி தோண்டலாமா, நண்டு பிடிக்கலாமா?

12 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ஷெல்ஃபிஷ் (மட்டி, நண்டு) லைசென்ஸ் வேண்டும். ரேஸர் கிளாம் என்ற நீள மட்டிக்கு இந்தக் கிளாட்சப் கரை பேர்போனது. ஆனால் ஜூலை 15 முதல் செப்டம்பர் 30 வரை மூடியிருக்கும். கோடையில் வருபவர்கள் இதை அறியாமல் மண்வெட்டியோடு வருகிறார்கள். காலத்தில் வந்தாலும், தோண்டி எடுக்கும் முதல் 15 உங்களுடையது. உடைந்தது சிறியது என்று திருப்பிப் போடக் கூடாது. ஒவ்வொருவருக்கும் தனி வாளி. நச்சுப்பாசியால் சில நாட்கள் திடீரென்று தடை வரும். அந்த நஞ்சு சமைத்தாலும் போகாது. கிளம்பும் முன் ஒரிகன் வேளாண்மைத் துறையின் அறிவிப்பைப் பாருங்கள். டன்ஜினஸ் நண்டு ஆண் மட்டும், ஓட்டின் அகலம் 5¾ அங்குலத்துக்குக் குறையாமல், நாளுக்கு 12.

பக்கத்து ஊர்களுக்கு ஆர்.வி.யிலேயே போகலாமா?

அஸ்டோரியா, சீசைடு போகலாம். எக்கோலா மாநிலப் பூங்காவின் சாலை குறுகலும் வளைவும், ஆர்.வி.யுடன் போகாதீர்கள். கேனன் பீச்சில் கோடை வார இறுதியில் நிறுத்த இடம் கிடைப்பது கஷ்டம், காலை ஒன்பதுக்குள் போனால் உண்டு. இரண்டு குடும்பமாக வந்தால் ஒருவர் கார் எடுத்து வருவது உத்தமம். பூங்காவுக்குள் சுற்றச் சைக்கிளே போதும். முகாமிலிருந்து கப்பல் வரை பாதை இருக்கிறது. வழியில் எல்க் மான்கள் நின்றால் தூரத்திலேயே நில்லுங்கள், குட்டியோடு இருக்கும் பெண் எல்க் பாய்ந்து வரும்.

கிளம்பும் நாளில் என்ன வரிசை?

பகல் 1 மணிக்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும். ஞாயிறு 11 மணிக்குமேல் டம்ப் ஸ்டேஷனில் (கழிவுத் தொட்டிகளைக் காலி செய்யும் பொது இடம்) வரிசை நீளும். ஒன்பதுக்கு முன் முடித்துவிடுங்கள். ஸ்லைடை உள்ளிழுக்கும் முன் அதன் கூரையில் கிடக்கும் ஊசியிலைகளைத் துடைப்பத்தால் தள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் ரப்பர் விளிம்பு கிழியும். ஆனிங்கை முந்தைய இரவே சுருட்டியிருக்க வேண்டும்; இந்தக் காற்றில் விரித்துவிட்டுத் தூங்கியவர்கள் வளைந்த கம்பியோடுதான் ஊர் திரும்புகிறார்கள். பிரேக்கரை அணைத்துவிட்டுக் கம்பியைப் பிடுங்குங்கள், ரெகுலேட்டரைக் குழாயிலேயே மறந்துவிடாதீர்கள். ஃப்ரிட்ஜ் கதவுக்குக் கொக்கி, புரொப்பேன் வால்வு மூடல், படி உள்ளே, கூரைத் திறப்பு மூடல். பிறகு ஒருவர் வண்டியைச் சுற்றி ஒரு முழுச் சுற்று நடந்து, முட்டுக்கட்டைகளை எடுத்துக்கொண்டு ஏற வேண்டும்.

சொந்த வண்டி என்றால் வீடு சேர்ந்த அன்றே அடிப்பாகத்தையும் படியின் கீல்களையும் நல்ல தண்ணீரில் கழுவி, மின் சொருகுகளில் ஈரம் புகாமல் தடுக்கும் டைஎலெக்ட்ரிக் கிரீஸ் தடவுங்கள். உப்பு ஒரே வாரத்தில் பச்சை பூக்கச் செய்துவிடும். வாடகை வண்டி என்றால் இரண்டு டேங்கும் காலி, எரிபொருள் எடுத்த அளவுக்கு நிறைவு, ஜெனரேட்டர் மணிமீட்டரின் படம் ஆகிய மூன்றையும் திருப்பிக் கொடுக்கும் இடத்துக்குள் நுழையும் முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.